புதுக்கோழி சேர்க்கப் போகிறீர்களா? புழக்கடைக் கோழி வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்கள்

சந்தையில் மூன்று வெடைக்கோழி வாங்கி வந்தேன். பார்க்க நல்ல சுறுசுறுப்பு. வீட்டில் இருக்கும் எட்டுக் கோழிகளோடு அன்றே விடலாமா?

விடக்கூடாது. புதுக்கோழி வந்தால் சண்டை வருமே என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் கூட்டத்தையே காலி செய்வது சண்டை அல்ல, அதோடு கூடவே வரும் நோய். கோழிகளைக் கூட்டத்தோடு கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். சந்தையில் பத்து ஊர்க் கோழிகளோடு ஒரே கூடையில் கிடந்த கோழி இன்று துள்ளுகிறது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

முழுதாக 30 நாள் தனியே வையுங்கள். பழைய கூண்டிலிருந்து முப்பது, நாற்பது அடியாவது தள்ளி, புதியவற்றிடமிருந்து பழைய கோழிகளை நோக்கிக் காற்று வீசாத பக்கமாக இடம் பாருங்கள். தீனித்தட்டு, தண்ணீர்ச் சட்டி, துடைப்பம் எல்லாம் தனி. காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். போகும்போது வேறு செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். எச்சம் ஒட்டிய செருப்பு கிருமியை வேலி தாண்டிக் கொண்டுபோய்விடும்.

முதல் வாரம் வெறுமனே கவனியுங்கள். கோழி நன்றாக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். அடுத்து வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் தோலுக்கடியில் அரை மில்லி போடுவார்கள். பழைய கோழிகளுக்கும் போட்டு நாளாகியிருந்தால் சேர்த்தே போட்டுவிடுங்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. மருந்தைக் கரைத்தபின் குளிர் மாறாமல் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வெயிலில் வைத்திருந்த மருந்து ஊசி போட்ட திருப்தியை மட்டுமே தரும். போட்ட பிறகும் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். 30 நாள் கணக்கில் அதுவும் அடங்கிவிடுகிறது.

கடைசி வாரத்தில் ஒன்று செய்யுங்கள். பழைய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோழியைப் புதியவற்றோடு விடுங்கள். இரு தரப்பில் எது எதை மறைத்து வைத்திருந்தாலும் அந்த வாரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். நஷ்டமானாலும் ஒன்றிரண்டோடு நிற்கும்.

வாங்கும் இடத்திலேயே நோயைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

எல்லா நோயும் தெரியாது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதிக் கோழிகளை ஒதுக்கிவிடலாம். முதலில் முகத்தருகே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றமும் கண்ணுக்குக் கீழே வீக்கமும் இருந்தால் அது தொற்றுச் சளி. குணமானதுபோலத் தெரிந்தாலும் அந்தக் கோழி நோயைச் சுமந்துகொண்டே இருக்கும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கண் ஓரம் சோப்பு நுரைபோல நுரைத்திருந்தாலும் வேண்டாம். அடுத்து, கோழியைத் தலைகீழாகப் பிடித்து ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை ஊதி விலக்குங்கள். இறகின் அடிக்குருத்தில் சாம்பல் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. இதற்கு மருந்து உண்டு, வாங்கலாம். ஆனால் தனியே வைத்திருக்கும் நாட்களிலேயே ஒழித்துவிட வேண்டும். மார்பெலும்பு கத்தி முனைபோலக் கையில் தட்டினால் நெடுநாள் நோயோ குடற்புழுவோ இருக்கிறது.

ஒரு மாதம் பிரித்து வைத்தாயிற்று. இனி எப்படிச் சேர்ப்பது? இரவில் கூண்டில் விட்டால் காலையில் பழகிவிடும் என்கிறார்களே?

இரவில் விடுவது பாதி வேலைதான். அதற்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, பார்க்கலாம் ஆனால் கொத்த முடியாது என்ற நிலையில் வைக்க வேண்டும். கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான நம்மூர்ப் பஞ்சாரம் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். புதிய கோழிகளைப் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்த்து, பழைய கோழிகள் மேயும் இடத்தில் நிழலாகப் பார்த்து வையுங்கள். உள்ளே தண்ணீர் இருக்கட்டும். தினமும் இடம் மாற்றுங்கள். பழைய கோழிகளின் தீனியைப் பஞ்சாரத்தை ஒட்டியே தூவுங்கள். முதல் நாள் மூங்கில் சந்தில் அலகை விட்டுக் கொத்த வருவார்கள், நாலைந்து நாளில் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பார்கள். இதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம்.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டு, தீனியை அகலமாக வீசுங்கள். இரண்டு மூன்று மாலை இப்படிச் செய்துவிட்டு, ஒரு நாள் நன்றாக இருட்டிய பின் புதியவற்றைப் பழைய கோழிகளுக்கு நடுவே கட்டையில் உட்கார வையுங்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, சத்தம் இருக்காது. ஆனால் விடிந்ததும் தெரியும். அடைத்த கூண்டுக்குள் ஓட இடமில்லாமல் விடியற்காலையில் நடக்கும் சண்டையில்தான் மண்டை கிழிகிறது. ஆகவே முதல் ஒரு வாரம் வெளுக்கும்போதே கூண்டைத் திறந்துவிடுங்கள்.

இடக்கணக்கும் முக்கியம். இரவுக் கூண்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி, உட்காரும் கட்டையில் 8 அங்குலம், அடைத்து வளர்த்தால் முற்றத்தில் 8 முதல் 10 சதுர அடி. தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி வையுங்கள். சாய்த்து வைத்த பலகை, வெட்டிப் போட்ட கிளை, கவிழ்த்த கூடை என ஒளிய ஏதாவது இருக்கட்டும். இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள மறைவில் மாட்டிக்கொள்ளும் கோழி தப்பாது.

எவ்வளவு கொத்தினால் நாம் தலையிட வேண்டும்? ஒரு கிழட்டுக் கோழி மட்டும் விடாமல் துரத்துகிறது.

எது மேலே, எது கீழே என்று கொத்தி வரிசை பிடிப்பது கோழியின் இயல்பு. 1920களின் தொடக்கத்திலேயே நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே கோழிகளைத் தனித்தனியே அடையாளம் வைத்துக் கவனித்து இதை எழுதிவிட்டார். புதிதாய் ஒன்று வந்தாலும் வரிசை முழுக்க மறுபடி முடிவாக வேண்டும். இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும், ஒன்று முதல் மூன்று வாரத்தில் அடங்கும். துரத்தல், தலையில் ஒரு கொத்து, கொஞ்சம் இறகு பறப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

ரத்தம் தெரிந்தால் உடனே தூக்கிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் சண்டைக்குச் சம்பந்தமில்லாத கோழிகளும் வந்து கொத்தும். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். சிவப்பும் மறையும், ஈ மொய்த்துப் புழு வைக்காமலும் இருக்கும். அடிபட்ட கோழியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோகாமல், கூட்டம் பார்க்கும்படி பஞ்சாரத்தில் வையுங்கள். மறைத்து வைத்தால் திரும்ப வரும்போது மறுபடி அந்நியக் கோழியாகிவிடும். துரத்தும் கிழட்டுக் கோழிக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அதை மூன்று நான்கு நாள் கூட்டம் தெரியாத இடத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது அதன் இடம் போயிருக்கும்.

ரத்தமே இல்லாமலும் கோழி செத்துப் போவதுண்டு, பட்டினியால். தினமும் அடையும் நேரத்தில் புதுக்கோழியின் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருந்தால் கவலையில்லை. வெறும் தோலாகத் தொங்கினால் அன்று முழுக்க அதைத் தின்னவிடவில்லை.

ஒரே ஒரு கோழி மட்டும் வாங்கலாமா?

வேண்டாம், எட்டுக் கோழியின் கொத்தும் அந்த ஒன்றின் மேலேயே விழும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வாங்குங்கள்.

இரண்டு மாதக் குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடலாமா? தாய் இல்லை, பொரிப்பானில் பொரித்தவை.

தாய்க்கோழி இருந்தால் அதுவே காவல். இல்லாதபோது உடம்பு பெரிய கோழி அளவுக்கு வரும்வரை, ஏறக்குறைய 16 வாரம் பொறுங்கள். இடம் இல்லையென்றால் நடுவே வலை கட்டி, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு அடியில் சந்து விடுங்கள். பெரியது உள்ளே தலையை நுழைத்தாலும் உடம்பு போகக்கூடாது. குஞ்சுத் தீனியும் தண்ணீரும் அந்தப் பக்கம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு தின்னக்கூடாது. அதில் உள்ள சுண்ணாம்புச்சத்து வளரும் குஞ்சுக்குத் தேவையானதைப்போல மூன்று மடங்குக்கு மேல், சிறுநீரகம் கெட்டுவிடும். எல்லாம் ஒன்றாக மேய்கின்றன என்றால் அனைத்துக்கும் வளர்பருவத் தீவனமே போட்டு, முட்டையிடுபவைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்பட்டது தானே தின்னும்.

நாமக்கல் பக்கம் பண்ணையில் கழித்த வெள்ளைக் கோழிகள் மலிவாகக் கிடைக்கின்றன. நாட்டுக்கோழியோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பண்ணைக் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முறையாகப் போட்டிருப்பார்கள். தடுப்பூசி அந்தக் கோழியை நோயில் விழாமல் காக்கும், கிருமி உள்ளே நுழைந்து எச்சத்தில் வெளியேறுவதை முழுதாகத் தடுக்காது. அது நலமாக நிற்க, ஊசி போடாத உங்கள் நாட்டுக்கோழி செத்து விழும். ஆகவே உங்கள் கோழிகளுக்கு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை வாங்கவே வேண்டாம். தனியே வைக்கும் 30 நாளும் குறைக்காதீர்கள்.

இவை கம்பிக் கூண்டுக்குள்ளேயே வளர்ந்தவை. மேயத் தெரியாது, அந்தியானால் அடையத் தெரியாது, கட்டையில் ஏறத் தெரியாது. நீண்ட காலம் முட்டையிட்டு எலும்பு தேய்ந்திருக்கும், உயரத்திலிருந்து குதித்தால் கால் முறியும். கட்டையை ஓர் அடிக்கு மேல் வைக்காதீர்கள். அலகு வெட்டியிருப்பதால் தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்க முடியாமல் திணறும், ஆழமான தட்டில் வையுங்கள். முதல் மூன்று வாரம் பண்ணைத் தீவனமே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். பெருவிடை, அசில் போன்ற சண்டைக்கோழி இனங்களோடு விடவே வேண்டாம். வெட்டிய அலகை வைத்துக்கொண்டு இது திருப்பிக் கொத்த முடியாது.

வான்கோழியையும் கோழியையும் ஒரே கொட்டகையில்?

கூடாது. கோழியின் குடலில் இருக்கும் ஒருவகைப் புழுவின் முட்டை வழியாக ஒரு நுண்ணுயிர் வான்கோழிக்குப் போய் ஈரலைத் தாக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வான்கோழி கந்தக மஞ்சளாகக் கழிந்து செத்துவிடும். புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால் கோழி வளர்த்த இடத்தில் பிறகு வான்கோழி விடுவதும் ஆபத்துதான்.

சேர்த்ததிலிருந்து பழைய கோழிகளும் முட்டையை நிறுத்திவிட்டன. மருந்து ஏதும் உண்டா?

மருந்து வேண்டாம். கலவரத்தில் ஒன்றிரண்டு வாரம் முட்டை குறைவது வழக்கம். நான்கு, ஐந்து கோழிக்கு ஒரு முட்டைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைக்கோல் பரப்பிய பழைய கூடை ஒன்றை இருட்டான மூலையில் கூடுதலாக வையுங்கள். மூன்று வாரம் தாண்டியும் முட்டை வராமல், கூடவே தும்மலோ கழிச்சலோ இருந்தால் அது கலவரத்தால் வந்தது அல்ல. எச்சத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொண்டு, கோழி ஒன்றையும் தூக்கிக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.