வோலினிலிருந்து கோலாப்பூர் வழியாக பர்மிங்ஹாம் வந்த பாட்டி

கேள்வி: உங்கள் குடும்பத்துப் பெரியவர்களில் யாருடைய வாழ்க்கை மறந்துபோய்விடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?

என் கணவரின் பாட்டி. போலந்துக்காரர். பதின்ம வயதில் இங்கிலாந்துக்கு வந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, சில ஆண்டுகளுக்கு முன் பர்மிங்ஹாமில் காலமானார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தன் கதையைக் கேட்டவர்களிடமெல்லாம் பாட்டியும் அப்படித்தான் தொடங்குவார்.

பாட்டி பிறந்தது 1931இல், அன்று போலந்தின் கிழக்கு எல்லையில் இருந்த வோலின் பகுதியில். 1920இல் சோவியத்துகளோடு நடந்த போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு அரசு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. பாட்டியின் அப்பாவும் அப்படி நிலம் பெற்றவர். 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ராணுவமும் நுழைந்தபோது அந்த நிலமே வினையாகிவிட்டது. 1940 பிப்ரவரி 10 அன்று சோவியத் அரசு நடத்திய முதல் பெரிய நாடுகடத்தலில், இப்படிக் குடியேறிய வீரர்களின் குடும்பங்களையும் வனக் காவலர்களின் குடும்பங்களையும்தான் குறிவைத்துப் பிடித்தார்கள்.

விடிவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அந்த அவசரத்தில் பாட்டியின் அம்மா தலையணை உறைகளில் மாவைக் கொட்டிக் கட்டினார், இறகு மெத்தையைச் சுருட்டினார், கையால் சுற்றும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் அதைத் தடுக்கவில்லையாம். கொண்டுபோய் விட்டது வட ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் காடுகளில். அங்கே மரம் வெட்டினால்தான் ரொட்டி, அதுவும் எடை போட்டு. பகலெல்லாம் வெட்டிவிட்டு, இரவில் பக்கத்துக் கிராமத்து ரஷ்யப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வந்தார் அந்த அம்மா.

1941இல் ஹிட்லர் ரஷ்யா மீது பாய்ந்தபின் ஸ்டாலினுக்குப் போலந்தின் தயவு தேவைப்பட்டது. ஜூலை 30 அன்று ஒப்பந்தம் போட்டு, நாடுகடத்தப்பட்டவர்களை விடுவித்தார்கள். போலந்து ஜெனரல் ஆண்டர்ஸ் படை திரட்டுகிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். அப்பா படையில் சேர்ந்தார். உஸ்பெகிஸ்தானில் பாட்டியின் தம்பி டைபஸ் காய்ச்சலில் இறந்தான். தையல் மெஷினும் அங்கேதான் ரொட்டிக்காக விலைபோனது. 1942 ஆகஸ்டில் அம்மாவும் மகளும் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானின் பஹ்லவி துறைமுகத்தில் இறங்கினார்கள். பேனுக்கும் தொற்றுக்கும் பயந்து எல்லோருக்கும் மொட்டையடித்து, உடுத்தியிருந்த துணிகளை எரித்தார்கள்.

அந்த ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியேறினார்கள். வரலாற்றில் ஆண்டர்ஸின் பெயர் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகளில் பலர் கப்பல் ஏறும்வரை உயிரோடு இருந்ததற்குக் காரணம் இந்த அம்மா போன்ற பெண்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல, வீட்டில் யாராவது நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு.

1943இல் அவர்களைக் கராச்சி வழியாகக் கோலாப்பூர் பக்கத்தில் இருந்த வலிவடே முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே சுமார் 5,000 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தேவாலயம், பள்ளிகள், சாரணர் படை, நாடகம் எல்லாம் இருந்த ஒரு குட்டிப் போலந்து ஊர். பசியில்லாமல் தூங்கியது அங்கேதான் என்பார் பாட்டி. நான் மருமகளாக வரப்போகிறேன், இந்தியப் பெண் என்று தெரிந்ததும் அவர் முதலில் பேசியது பஞ்சகங்கை ஆற்றில் நீந்தியதையும், வாசலுக்கு வந்து காய்கறியும் மாம்பழமும் விற்ற ஒரு அம்மாவையும் பற்றி. கணவர் வீட்டில் எனக்கிருந்த தயக்கமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது.

போர் முடிந்தபோது வோலின் சோவியத் உக்ரைனுக்குப் போய்விட்டது. திரும்பிப் போக வீடில்லை. இத்தாலியில் மான்டே காசினோ சண்டையில் உயிர்தப்பிய அப்பா இங்கிலாந்தில் இருந்ததால் 1947இல் பம்பாயிலிருந்து கப்பலேறி அவரிடம் வந்தார்கள். குளாஸ்டர்ஷயரில் நார்த்விக் பார்க் என்ற இடத்தில், போர்க்கால ராணுவ மருத்துவமனையாக இருந்த அரைவட்டத் தகரக் கொட்டகைகளில் குடியிருப்பு. பாட்டிக்குக் கல்யாணம் ஆனதும், என் மாமியார் பிறந்ததும் அங்கேதான். பிறகு பர்மிங்ஹாமில் தொழிற்சாலை வேலை.

என் மாமியார் ஒளிக்காமல் சொல்வார்: பாட்டி கண்டிப்பான அம்மா. கட்டிப்பிடித்துக் கொஞ்சியதில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசினால் பதில் வராது. தெருப்பிள்ளைகள் விளையாடும் சனிக்கிழமையில் இவர்களுக்குப் போலிஷ் பள்ளிக்கூடம். ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். பேரன்கள் பிறந்தபின் அதே மனுஷி இளகிவிட்டார். என் கணவருக்குக் கிடைத்த பாட்டி, என் மாமியாருக்குக் கிடைத்த அம்மா இல்லை. மாமியாருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. பாட்டியின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முதல் நட்சத்திரம் தெரிந்தபின்தான் சாப்பாடு. மாமிசம் கிடையாது. மெல்லிய அப்பம் ஒன்றை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்திக்கொள்வார்கள். எதிர்பாராமல் வருபவருக்காக ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். போலந்துக் குடும்பங்களின் பொது வழக்கம்தான். இப்போது எங்கள் வீட்டில் அதை முறை தவறாமல் நடத்துவது நான்.

2024 ஆகஸ்டில் பிரதமர் மோடி வார்சாவில் உள்ள கோலாப்பூர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைத்த செய்தியைப் பார்த்துவிட்டு மாமியார் ஃபோன் செய்தார். பாட்டி பேசிப் பதிவான ஒலிநாடாக்களை அன்று தொடங்கித்தான் ஒழுங்காகக் கேட்டு எழுதி வருகிறோம். கோலாப்பூர்ப் பக்கம் உறவோ நட்போ உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி: வலிவடே முகாமில் வியாபாரம் செய்த, வேலை பார்த்த குடும்பங்கள் யாரையாவது தெரிந்தால் கருத்தில் எழுதுங்கள். அவர்களோடு பேச வேண்டும் என்று மாமியார் மிகவும் ஆசைப்படுகிறார்.