ஹோம் தியேட்டருக்கு எந்த புரொஜெக்டர், எந்தத் திரை வாங்கலாம்?

கேள்வி: 16 அடி நீளம், 11 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம் உள்ள அறை. சோபா பின்சுவரை ஒட்டி. 120 இன்ச் திரையும் 4கே புரொஜெக்டரும் வாங்க நினைக்கிறேன். எந்த மாடல் நல்லது?

மாடலைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் சோபா, பிறகு திரை, பிறகு வெளிச்சம், அதன்பின்தான் புரொஜெக்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வாங்கிய பெட்டிக்கு ஏற்றபடி அறையை மாற்றவேண்டி வரும்.

சோபாவை பின்சுவரை விட்டு இரண்டடியாவது முன்னால் இழுங்கள். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் சத்தம் வீங்கிக் கேட்கும். அப்படி இழுத்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏறக்குறைய 12 அடி, அதாவது 366 செ.மீ. கிடைக்கும். இதை 1.5ஆல் வகுத்தால் வசதியாகப் பார்க்கக்கூடிய திரையின் அகலம் 244 செ.மீ. 16:9 திரையில் அது மூலைக்கு மூலை 110 இன்ச். நீங்கள் கேட்ட 120 இன்ச்சுக்கு அகலம் 266 செ.மீ. அந்தத் தூரத்திலிருந்து 40 டிகிரி கோணம் வரும். பார்க்க முடியாதது ஒன்றுமில்லை, ஆனால் அதுதான் மேல் எல்லை. அறையின் அகலம் 335 செ.மீ. என்பதால் இருபுறமும் ஸ்பீக்கருக்கு 35 செ.மீ.கூட மிஞ்சாது. என் ஓட்டு 110க்குத்தான். சந்தேகம் இருந்தால் சுவரில் இரண்டு அளவையும் பேப்பர் டேப்பால் கட்டம் கட்டி, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள்.

உயரம்: உட்கார்ந்தால் கண் இருக்கும் மட்டத்தில் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரவேண்டும். 110 இன்ச் திரையின் உயரம் 137 செ.மீ. கீழ் விளிம்பு தரையிலிருந்து 65 செ.மீ.யில் இருந்தால் மேல் விளிம்பு 202 செ.மீ.க்கு வரும், கண் சுமார் 110 செ.மீ.யில் இருக்கும். டிவி மாட்டுகிற பழக்கத்தில் பலரும் திரையை மேலே தூக்கி மாட்டிவிடுகிறார்கள். படம் முடிவதற்குள் கழுத்து வலிக்கும்.

இனி வெளிச்சம். இருட்டு அறையில் படம் பார்க்க 16 ஃபுட் லாம்பர்ட் (திரை எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு) போதும், டிஜிட்டல் சினிமா தியேட்டருக்கான அளவே 14தான். 110 இன்ச் திரையின் பரப்பு சுமார் 36 சதுர அடி. கெயின் (திரை ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பும் அளவு) 1 உள்ள வெள்ளைத் திரை என்றால் 36 x 16, அதாவது திரையில் விழவேண்டியது சுமார் 575 லூமன்ஸ் ஒளி. கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் மிகப் பிரகாசமான மோடில் அளந்தது. அந்த மோடில் பச்சை தூக்கலாக இருக்கும், யாரும் அதில் படம் பார்ப்பதில்லை. நிறம் சரியாக உள்ள சினிமா மோடுக்கு மாற்றினால் பல மாடல்களில் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். லேம்ப் தேயத் தேய அதிலும் பாதி போகும். ஆக 575ஐ நான்கால் பெருக்குங்கள்: 2,300 ஆன்ஸி அல்லது ஐஎஸ்ஓ லூமன்ஸ் (தரநிலை முறைப்படி அளந்த எண்). விளக்கைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 3,000க்கு மேல் போங்கள்.

ஆன்ஸி, ஐஎஸ்ஓ என்ற சொல் இல்லாமல் வெறுமனே ‘9,000 லூமன்ஸ்’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அதே ரகம்தான். 4கே சிக்னலை வாங்கி, அதைவிட மிகக் குறைந்த புள்ளிகள் உள்ள 720பி பேனலில் காட்டுகிற பெட்டிக்கும் அந்த ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ (பேனலிலேயே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

4கே என்று நியாயமாக விற்கப்படுவதிலும் வகை உண்டு. டிஎல்பியில் (நுண்கண்ணாடிச் சிப்பால் படம் காட்டும் வகை) பெரும்பாலும் 1080பி சிப் ஒன்று ஒரு ஃபிரேமுக்குள் நான்கு முறை நகர்ந்து 83 லட்சம் புள்ளிகளைக் காட்டும். 12 அடியிலிருந்து கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சோனியின் எஸ்எக்ஸ்ஆர்டி, ஜேவிசியின் டி-ஐஎல்ஏ போன்றவற்றில் பேனலே 4கே. அவற்றின் உண்மையான பலம் புள்ளிக் கணக்கில் இல்லை, கறுப்பின் ஆழத்தில் இருக்கிறது. ஒற்றைச் சிப் டிஎல்பியில் சிலருக்கு, கண்ணைச் சட்டென்று திருப்பும்போது வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் கீற்று தெரியும். வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போய் டெமோவில் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். மூன்று பேனல் எல்சிடியில் இந்தப் பிரச்சினை கிடையாது.

பொருத்துவதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். த்ரோ ரேஷியோ என்பது லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரத்தை திரையின் அகலத்தால் வகுத்தது. 1.2 முதல் 1.5 வரை உள்ள லென்ஸ் என்றால், உங்கள் 244 செ.மீ. அகலத்துக்கு புரொஜெக்டர் 293 முதல் 366 செ.மீ.க்குள் தொங்கவேண்டும். அதாவது உங்கள் தலைக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ. ஃபேன் சத்தம் நேராகக் காதில் விழும். பின்சுவர் ஓரமாக வைக்க ஆசை என்றால், புரொஜெக்டரின் உடலுக்கும் கேபிளுக்கும் இடம் விட்டபின் லென்ஸ் சுமார் 440 செ.மீ.யில் இருக்கும், அதற்கு 1.8 ரேஷியோ எட்டுகிற ஜூம் வேண்டும்.

அடுத்து ஆஃப்செட், அதாவது லென்ஸ் மட்டத்திலிருந்து படம் எவ்வளவு மேலோ கீழோ தள்ளி விழுகிறது என்பது. லென்ஸ் ஷிஃப்ட் (புரொஜெக்டரை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தை நகர்த்தும் வசதி) இல்லாத டிஎல்பி ஒன்றின் ஆஃப்செட் 116 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தலைகீழாகத் தொங்கவிட்டால் படத்தின் மேல் விளிம்பு லென்ஸுக்குக் கீழே, பட உயரத்தில் 16 சதவீதம் தள்ளி, 22 செ.மீ.யில் தொடங்கும். திரையின் மேல் விளிம்பு 202, ஆக லென்ஸ் 224 செ.மீ. உயரத்தில் இருந்தாகவேண்டும். சீலிங் 290 செ.மீ. அப்படியென்றால் 66 செ.மீ. கீழே தொங்கவிடும் கம்பி. மாடியில் யாராவது நடந்தால் படம் ஆடும். கம்பியைக் குட்டையாக்கி கீஸ்டோனில் (கோணலாக விழும் படத்தை மென்பொருளால் நேராக்கும் வசதி) சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். கீஸ்டோன் பேனலின் ஒரு பகுதியை அணைத்துவிட்டு மீதியில் படத்தை நசுக்குகிறது: கூர்மை போகும், அணைத்த இடத்திலிருந்து சாம்பல் வெளிச்சம் திரைக்கு வெளியே கசியும். செங்குத்து லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மாடலுக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண்செலவு இல்லை.

திரைக்கு, இருட்டாக்க முடிகிற அறையில் கெயின் 1 முதல் 1.1 வரை உள்ள மேட் ஒயிட், கறுப்பு வெல்வெட் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃபிக்ஸட் ஃபிரேம். இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. சுருட்டி இறக்குகிற சாதாரணத் திரையில் நாளடைவில் ஓரங்கள் மடங்கி அலை விழும், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அது அப்பட்டமாகத் தெரியும். சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் ‘டேப் டென்ஷன்’ (tab tension) வகை. கெயின் அதிகமான திரையில் நடுவில் வெளிச்சத் திட்டு விழும். ஏஎல்ஆர் (சுற்றுப்புற ஒளியைத் தவிர்க்கும்) திரை பகல் வெளிச்சத்துக்கு உதவும், ஆனால் வகை பார்க்கவேண்டும்: அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கான (திரைக்குக் கீழே மிக அருகில் வைக்கும் புரொஜெக்டருக்கான) ரம்பப்பல் திரை கீழிருந்து வரும் ஒளியை மட்டும் ஏற்று, மேலிருந்து வருவதைத் தடுக்கும். சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டருக்கு அதை வாங்கினால் படமே மங்கிப்போகும்.

ஏஎல்ஆருக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுவரும் சீலிங்கும் திரையின் ஒளியைத் திரைக்கே திருப்பியனுப்பி கறுப்பைச் சாம்பலாக்கும். திரையை ஒட்டிய ஐந்தாறு அடிக்குச் சுவரிலும் சீலிங்கிலும் பளபளப்பில்லாத அடர் நிறப் பெயின்ட் அடித்தால் கிடைக்கும் முன்னேற்றம், அடுத்த மாடலுக்கு மாறினாலும் பல நேரம் கிடைக்காது.

எச்டிஎம்ஐ கேபிள் ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் சாதாரண செப்புக் கேபிளில் 4கே எச்டிஆர் விட்டுவிட்டு வரும், அல்லது திரை கறுத்துவிடும். ஒளியிழை வழியே சிக்னல் அனுப்பும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ போடுங்கள். அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ முனை பிளேயர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை புரொஜெக்டர் பக்கம். சுவருக்குள் பைப்பில் இழுப்பதற்கு முன் வெளியிலேயே ஒருமுறை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பைப் பிளக் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும், பழுதானால் மாற்ற உள்ளே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும்.

சீலிங்கில் துளை போடுவது கடைசி வேலை. புரொஜெக்டரை ஒரு ஏணியிலோ அலமாரியிலோ தற்காலிகமாக வைத்து, படம் டேப் கட்டத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.