வீட்டுக்குள் வளர்க்கும் நாற்றுகள் ஏன் சாய்கின்றன?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மாடித் தோட்டத்துக்காகத் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைக் கூடத்துச் சன்னலருகே குழித்தட்டில் விதைத்தேன். நன்றாக முளைத்தவை நான்கைந்து நாட்களில் வெளிறி நீண்டு சாய்ந்தன. சில அடித்தண்டு அழுகி மடிந்தன. மிஞ்சியவற்றை மாடியில் நட்டபோது ஒரே நாளில் வாடிவிட்டன. தவறு எங்கே?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருப்பவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள் என்றாலும், முதலாவதைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் பெருமளவு குறையும். நீண்டு சாய்வதற்குக் காரணம் வெளிச்சக் குறைவுதான். பகலில் கூடம் நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும், நம் கண் மங்கலான ஒளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அந்தக் கணிப்பை நம்ப முடியாது. சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தாலே நாற்றுக்குக் கிடைக்கும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது செடி தன் சேமிப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்து, ஒளியைத் தேடிப் போகிறது.

நம் ஊர் வெப்பத்தில் விதை முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் கதகதப்பும் போதும். ஆகவே தட்டை மூடி வீட்டுக்குள் வைப்பது முளைக்கும்வரை சரியே. ஆனால் முதல் சில முளைகள் தலைகாட்டிய அன்றே மூடியை அகற்றிவிட்டு, காலை வெயில் விழும் பால்கனிக்குத் தட்டை மாற்றிவிட வேண்டும். "இன்னும் பாதி முளைக்கவில்லையே" என்று காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் பெரும்பாலான நாற்றுகள் கெடுகின்றன. பால்கனியே இல்லாதவர்கள் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிடலாம்.

தண்டு பச்சையாகவே இருந்து சாய்ந்தால் அது வெளிச்சக் குறைவு. மண்ணை ஒட்டிய இடம் நீர்கோத்து, பழுப்பாகி, நூல்போல் மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற பூசணங்களால் வரும் இந்நோய்க்கு, தேங்கிய ஈரமும் காற்றோட்டமின்மையும் நெருக்கமான விதைப்பும் துணைபோகின்றன. குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும் என்பதால், கையில் தட்டைத் தூக்கி எடை குறைந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். அதையும் மேலிருந்து ஊற்றாமல், நீருள்ள தாம்பாளத்தில் பத்து நிமிடம் தட்டை வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்லது. குழிக்கு ஒரே நாற்று போதும். கூடுதலாக முளைத்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். விதைக்குமுன் நார்க்கழிவை நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்குவதும், நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மை தரும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியைச் சிறிதளவு விதையோடு புரட்டி எடுப்பதும் அவசியம். நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு என்பதால் மூன்றில் ஒரு பங்கு நன்கு மட்கிய மண்புழு உரம் கலந்துகொள்ளுங்கள்.

மாடியில் வாடியதற்குக் காரணம், நிழலில் வளர்ந்த மென்மையான இலை நேரடி வெயிலைத் தாங்காததே. நடுவதற்கு ஒரு வாரம் முன்பே முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று வெயிலைக் கூட்டி, நீரைச் சற்றுக் குறைத்துப் பழக்க வேண்டும். நடவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாய்ந்து கிடக்கும் தக்காளி நாற்றுகளில் அழுகல் இல்லாதவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் எங்கெல்லாம் புதைகிறதோ அங்கெல்லாம் வேர்விடும். ஆகவே வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) வரை ஆழமாகப் புதைத்துப் பிழைக்க வைக்கலாம். கத்தரியிலும் மிளகாயிலும் இந்த வழியை நம்ப முடியாது. அவற்றைப் புதிதாக விதைப்பதே மேல். தக்காளி நாற்று சுமார் 25 நாளிலும், மற்ற இரண்டும் 35 நாளை ஒட்டியும் நடவுக்குத் தயாராகும் என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாக நட விரும்பினால் மிளகாயையும் கத்தரியையும் பத்து நாள் முன்னதாக விதைத்துவிடுங்கள்.