பயனற்ற பழைய குழாயை ஏன் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்?

வணக்கம். சாலையோரச் சுவருக்கு அடித்தளம் தோண்டியபோது பழைய வார்ப்பிரும்புக் குழாய் தென்பட்டதாகவும், புதிய குழாய் பதித்தவர்கள் இதை அகற்றாதது அலட்சியமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது அலட்சியம் அன்று. பழையதைப் பெயர்த்தெடுக்கச் சாலை முழுவதையும் தோண்ட வேண்டும். அதன் அருகே செல்லும் மின்கம்பியோ கழிவுநீர்க் குழாயோ உடையக்கூடும் என்பதோடு, பல்லாண்டுகளாக இறுகிய மண்ணும் தளர்ந்துவிடும். கிடைக்கும் பழைய இரும்பின் விலை அந்தச் செலவுக்கு ஈடாகாது. அகலமான குழாய் என்றால், பின்னாளில் மேலுள்ள சாலை உள்வாங்காதபடி சிமென்ட் கலவையை உள்ளே நிரப்பிவிடுவதுண்டு.

சில வேளைகளில் அந்த வெற்றுக் குழாயே சொத்தாகிவிடும்: லண்டனில் உயரழுத்த நீரால் லிஃப்டுகளையும் பளுதூக்கிகளையும் இயக்கிய நிறுவனம் 1977இல் சேவையை நிறுத்தியது, 1980களில் அதன் குழாய்வழிகளை மெர்க்குரி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கித் தன் கம்பிவடங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

உங்கள் குழாயை மட்டும் இப்போதைக்கு வெட்டாதீர்கள். துருவேறிய தோற்றத்தை வைத்து அதில் நீரோட்டம் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. குடிநீர் வாரியப் பொறியாளர் நேரில் பார்த்து, இணைப்பு துண்டிக்கப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்யும் வரை பணியை நிறுத்தி வையுங்கள்.