வடிகால் இருந்தும் இல்லை என்று கணக்குப் போடுவது ஏன்?

கேள்வி: அமெரிக்க அணுமின் நிலைய வளாகம் ஒன்றுக்கு உள்ளூர்க் கனமழை வெள்ளக் கணக்குப் போடும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். வேலை சென்னையில் இருந்துதான். அங்கே நல்ல மழைநீர் வடிகால் இருக்கிறது. ஆனால் அது முழுக்க அடைத்துக்கொண்டதாக வைத்துக் கணக்கிடச் சொல்கிறார் மேலாளர். இது தேவையற்ற பயம் இல்லையா?

பதில்: மேலாளர் சொல்வதுதான் சரி. ஃப்ளோரிடாவின் செயின்ட் லூசி நிலையத்தில் 2014 ஜனவரி 9 அன்று கனமழை பெய்தது. வளாக வடிகாலில் அடைப்பு. தேங்கிய நீர், உள்ளே அடைப்பான் இல்லாத மின்கம்பிக் குழாய்கள் வழியாக முதல் அணு உலையின் துணைக் கட்டடத்துக்குள் இறங்கியது. சுமார் 50,000 கேலன், அதாவது ஏறக்குறைய 1.9 லட்சம் லிட்டர். கடல் பொங்கவில்லை, ஆறு உடையவில்லை. வெறும் மழைதான்.

அடுத்து மழையின் அளவு. நாம் செய்தியில் கேட்பது 24 மணி நேர மழை. இங்கே கணக்குக்கு எடுப்பது ஒரு சதுர மைல் பரப்பில் ஒரே மணி நேரத்தில் பெய்யக்கூடிய உச்ச மழை. மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் அது சுமார் 48 செ.மீ. ஆகக்கூட இருக்கும். ஒரு ஹெக்டேர் தரையில் மட்டும் 4,800 கன மீட்டர் தண்ணீர்! எந்த வடிகாலும் இதற்காகக் கட்டப்பட்டதில்லை. அடைப்பே இல்லாவிட்டாலும் பெரும்பகுதி தரைமேல்தான் ஓடும். மண் உறிஞ்சுவதையும் சேர்க்காதீர்கள்.

இனி நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். மழையளவில் தவறுவது குறைவு, தரையில்தான் கணக்கு பிசகும். பாதுகாப்புக்காக வேலியோரம் வரிசையாக வைத்திருக்கும் கான்கிரீட் தடுப்புகளைப் பாருங்கள். வாகனத்தைத் தடுக்க வைத்தவை, தண்ணீரையும் தடுத்துவிடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நீரோட்டத்தைக் கணக்கிடும் உங்கள் இரு பரிமாணக் கணினி மாதிரியில் ஒரு கட்டம் 3 மீட்டர் என்றால் அந்த இடைவெளி காணாமலே போய்விடும். அதை மாதிரியில் தனியாகச் சேர்க்க வேண்டும். நிலையம் கட்டிய பிறகு வந்த கன்டெய்னர் அறைகள், கூடுதல் கொட்டகைகள் எல்லாம் இதே ரகம். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் இருந்தால், மாடிக் குழாயும் அடைத்ததாக வைத்து, தேங்கும் நீரின் எடையைக் கூரை தாங்குமா என்று கட்டுமானப் பிரிவிடம் கேளுங்கள்.

வாசலில் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று எழுதிவிட்டு அறிக்கையை முடித்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் வேண்டும். 8 செ.மீ. நீர் இருபது நிமிடம் நின்றால் கதவிடுக்கில் எவ்வளவு புகும், உள்ளே இருக்கும் மின்பலகையின் அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஆபத்து தெரியும். கதவை மூடி மணல்மூட்டை அடுக்குவோம் என்று நிலையத்தார் சொன்னால், எத்தனை நிமிடத்தில் என்று கேளுங்கள். இந்த மாதிரி மழை சொல்லிவிட்டு வராது.

அப்புறம், பழைய வரைபடத்தில் உள்ள நிலைப்படி உயரங்களை அப்படியே நம்பாதீர்கள். தார் மேல் தார் போட்டு வீடு பள்ளமாகிப்போகும் கதை சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கதவுக்கும் புதிதாக சர்வே எடுத்து, படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்.