தண்ணீரில் குளிரும் கணினி: பெயின்ட் டின்னைக் குலுக்கும் முன்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் இருக்கிறேன். தேசிய சேவை முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் தண்ணீரில் குளிர வைக்கும் கணினி ஒன்றை நானே கட்டி, கேஸுக்குக் கருஞ்சிவப்பு அடிக்க ஆசை. இவ்வளவு ஈரமான ஊரில் குழாய் வியர்த்து மதர்போர்டில் சொட்டாதா? நண்பர் தந்த பழைய ஏஐஓ (பம்பு, குழாய் எல்லாம் சேர்ந்தே வரும் குளிர்விப்பான்) ரேடியேட்டரை, சிப் மேல் அமர்ந்து சூட்டை நீருக்கு மாற்றும் செம்பு பிளாக்குகளோடு சேர்க்கலாமா? வீட்டு வாசல் நடைவழியில் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: குழாய் வியர்க்காது. காப்பிக்கடையில் ஐஸ் மைலோ கிளாஸ் வியர்க்கிறதென்றால், அது சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்திருப்பதால்தான். உங்கள் கணினியில் ஓடும் நீரோ ரேடியேட்டரில் அறைக் காற்றால் ஆற்றப்படுவது. எத்தனை விசிறி வைத்தாலும் அறையைவிடக் கீழே அது போகாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் துளியாகும் வெப்பநிலை சுமார் 24, 25 டிகிரி. 30 டிகிரி அறையில் கேம் ஓடும்போது நீர் 40ஐ ஒட்டி இருக்கும். அதனால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். நீரை அறையைவிடக் குளிர வைக்கும் சில்லர் எதுவும் வாங்கிச் சேர்க்காத வரை.

பழைய ரேடியேட்டர் வேண்டாம், தம்பி. ஏஐஓக்களில் வருவது பெரும்பாலும் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் தொடர்புபட்டால் அது பேட்டரி மாதிரிதான்; அலுமினியம் மெல்ல அரிபட்டு, அந்தத் துகள் பிளாக்கின் மெல்லிய இடுக்குகளை அடைத்துவிடும். செம்பு அல்லது பித்தளை ரேடியேட்டராகவே வாங்குங்கள். அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: விசிறி அமைதியாகச் சுற்ற வேண்டுமென்றால் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பகுதி ஒன்றுக்கு ஏறக்குறைய 100 வாட். சிபியு 150, கார்டு 300 வாட் என்றால் ஒரு 360 மில்லிமீட்டரும் ஒரு 240ம், ஆக ஐந்து பகுதி, போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அந்த 450 வாட்டும் உங்கள் படுக்கையறைக்குள்தான் வந்து சேரும். ஏர்கான் பில்லையும் கணக்கில் வையுங்கள்.

இனி பெயின்ட். நீங்கள் ஈரத்துக்குப் பயந்தது சரி, இடம்தான் மாறிவிட்டது. ஸ்ப்ரே பெயின்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். 28 டிகிரியில் இருக்கும் தகடு நாலைந்து டிகிரி இறங்கினாலே, மேலே சொன்ன 24, 25ஐத் தொட்டுவிடும். அப்போது காற்றின் ஈரம் ஈர பெயின்டின் மேல் படிந்து வெண்மை பூக்கும். என் முதல் கேஸின் கதவுக்கு, ஒரு மழை நாள் இரவில், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் பளபளக்கும் கறுப்பு அடித்தேன். காலையில் பார்த்தால் இடியாப்ப மாவு தூவியது போல இருந்தது. லேசாகப் பூத்திருந்தால், காய்ந்த நாளில் மெல்லிய ஒரு பூச்சு தின்னர் அடித்துச் சில சமயம் மீட்கலாம். என்னுடையது மீளவில்லை. முழுக்கச் சுரண்டினேன்.

ஆகவே நேரம் பாருங்கள். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் 60ஐ ஒட்டி இறங்கும். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நமக்கு ராகுகாலம் இல்லாத நேரம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரை விட்டு பிப்ரவரிக்குக் காத்திருக்க முடிந்தால் உத்தமம். மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 80க்கு மேல் காட்டினால் டின்னைத் தொடாதீர்கள்.

நடைவழி வேண்டாம். டின்னுக்குள் இருப்பது தீப்பற்றும் வாயு. நாலு வீடு தள்ளி ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கலாம், சீனர்கள் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் ஏழாம் மாதமென்றால் அந்தச் சாம்பல் பறந்து வந்து ஈர பெயின்டில் ஒட்டும். எதிர்வீட்டுக் காலணி அலமாரி கருஞ்சிவப்பாகிவிட்டால் அது வேறு பஞ்சாயத்து. ஏர்கான் அறையில் ஈரம் குறைவுதான், ஆனால் மூடிய அறையில் அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. காக்கி புக்கிட் பக்கம் வண்டிப் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் தகடுகளைக் கொடுத்து அடித்து வாங்குவதே மேல். ஹார்ட்னர் (இறுக வைக்கும் ரசாயனம்) கலக்கும் டூ-கே கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சை வீட்டில் முயலவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட்டுக்குச் சாதாரண முகக்கவசம் காவலாகாது.

நீங்களே அடிப்பதாக இருந்தால், முதலில் எல்லாவற்றையும் பெயின்ட் இல்லாமலே பொருத்திப் பாருங்கள். ரேடியேட்டர், பம்பு, குழாய் போகும் வழி, துளை எல்லாம் முடிவான பிறகு பிரித்து அடியுங்கள். அடித்த பிறகு துளை போட்டவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். 400 உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இரும்பு வெளியே தெரிந்த இடத்தில் பெயின்ட் பிடித்துக்கொள்ள எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு. பிறகு மெல்லிய பூச்சாக நாலைந்து. மறுபூச்சுக்கு டின்னில் போட்டிருக்கும் நேரத்தை மீறாதீர்கள்: பல டின்களில் ஒரு மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து என்று இருக்கும். இடையில் அடித்தால் பெயின்ட் சுருங்கிப் பாட்டியின் கன்னமாகிவிடும். முடிந்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஸ்க்ரூ முடுக்கினால் வாஷரோடு உரிந்து வரும்.

மதர்போர்டு நிற்கும் சின்னத் தூண்கள், பவர் சப்ளை கேஸைத் தொடும் இடம், இவற்றைப் பெயின்ட் அடிக்கும் முன் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். 230 வோல்ட் வீட்டில் மூன்று முள் பிளக்கின் எர்த் கேஸுக்கு வந்து சேரும் வழி அது. ரேடியேட்டரின் பக்கத் தகட்டுக்கு அடிக்கலாம், காற்று புகும் மெல்லிய இதழ்களுக்கு வேண்டாம். நிறம் பொருந்த வேண்டுமென்று பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

குழாய்க்கு, முதல் முறை என்பதால் ரப்பர் குழாயே என் தேர்வு. கண்ணாடி மாதிரி விறைப்பாகத்தான் வேண்டுமென்றால் அக்ரிலிக். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் வளைக்க எளிது, ஆனால் நீர் 60 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கி ஃபிட்டிங்கிலிருந்து (குழாயை இணைக்கும் மூட்டு) நழுவலாம். பம்பு ஒருநாள் நின்றுபோனால் அந்தச் சூடு வரும். ரேடியேட்டரைச் சூடான காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள், உள்ளே பற்றவைத்த கசடு இருக்கும். நிரப்பவும் குழாய்த் தண்ணீரோ மினரல் பாட்டிலோ ஆகாது. அதற்கென விற்கும் கூலன்டு (குளிர்விக்கும் திரவம்) வேண்டும்; பால் போன்ற நிறத்தது படத்தில் அழகு, சில மாதங்களில் படிந்து அடைக்கும். தெளிந்த நிறத்தையே வாங்குங்கள்.

நிரப்பியதும் கணினியை இயக்காதீர்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் கேபிள்களைக் கழற்றி, பவர் சப்ளையின் 24 முள் கேபிளில், மதர்போர்டு இல்லாமலே அதை இயக்கும் ஜம்பர் பிளக் மாட்டி, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட விடுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ. மறுநாள் டிஷ்யூ எல்லாம் காய்ந்திருந்தால் மற்ற கேபிள்களை மாட்டலாம்.

கூலன்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு ஆகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு தேவை, அதற்குக் கேஸின் அடித்தகட்டில் ஒரு துளை தேவை. பெயின்ட் வாங்கப் போகும் முன் அந்தத் துளையைப் போட்டுவிடுங்கள்.