வாழைப்பழம் தின்னும் பெண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் உரையில் கேட்டு, ஆங்கிலேயக் கலைஞர் சாரா லூகாஸின் சுயபடங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் வாழைப்பழம் தின்கிறார். இன்னொன்றில் மார்பின் மேல் இரண்டு ஆஃப்பாயிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதிர்ச்சி கொடுத்துக் கவனத்தைப் பிடிப்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கூசிய முதல் படத்தில் மறைக்கவேண்டியது எதுவுமே இல்லை. 1990இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். குட்டை முடி, தோல் ஜாக்கெட். எடுத்தவர் லூகாஸின் அன்றைய துணைவர், ஓவியர் கேரி ஹ்யூம். பழம் வாயில், கண் நம் மேல். அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் பார்க்கிற நாம்தான் கொண்டுவருகிறோம்.

பெண்ணையும் வாழைப்பழத்தையும் சேர்த்துக் காட்டுவது விளம்பரக்காரர்களுக்குப் பழைய வித்தை. அங்கே அவள் தின்பது பார்ப்பவனுக்காக. லூகாஸ் தனக்காகத் தின்கிறார், அதுவும் 'என்ன பார்வை?' என்று கேட்கிற முகத்தோடு. பெண்ணைத் தீனியாகக் காட்டினால் எந்த ஊரிலும் பெரிதாகச் சத்தம் வராது. அவளுக்கும் பசி உண்டு, அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்று காட்டும்போதுதான் நெளிகிறோம்.

அப்புறம் அந்த முட்டைகள். 1992இல் லூகாஸ் ஒரு மேசையின் மேல் இரண்டு ஆஃப்பாயிலையும் ஒரு கெபாபையும் வைத்தார். பெண்ணுடம்பைப் பற்றி ஆண்கள் அடிக்கும் மட்டமான கிண்டல், அப்படியே பொருளாக. கண்காட்சி நடந்தபோது முட்டையைத் தினமும் புதிதாகப் பொரித்து வைக்கவேண்டியிருந்தது. 1996இல் அதே முட்டைகள் அவர் டி-ஷர்ட்டின் மேலேயே ஏறிவிட்டன. ஜீன்ஸ் போட்டு, காலை அகட்டி, நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வேறொரு மாடலை உட்கார வைத்திருந்தால் அது இன்னொரு அவமதிப்பாகத்தான் போயிருக்கும். கிண்டலுக்கு ஆளாகிற உடம்பும் அதை எடுத்து ஆள்கிற கையும் ஒருவருடையதே என்பதால்தான் இது சுயபடமாக இருந்தாக வேண்டும்.

அதிர்ச்சியை மட்டும் நம்பி வரும் கலை நிறைய உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சில வருடங்களில் அது பழகிப்போய்விடும். ஆனால் போலந்தைப் பாருங்கள். லூகாஸுக்கு முன்பே, 1972இல், நடாலியா எல்எல் என்ற கலைஞர் இளம்பெண்கள் வாழைப்பழம் தின்பதைப் படம்பிடித்தார். சுயபடம் இல்லை, ஆனால் அதே பசி. 2019இல், 47 வருடம் கழித்து, வார்சா தேசிய அருங்காட்சியகம் அதைக் காட்சியிலிருந்து எடுத்தது. மக்கள் அருங்காட்சியகத்தின் முன்னால் கூடி வாழைப்பழம் தின்றார்கள். அருங்காட்சியகம் எடுத்ததைத் திரும்ப வைத்தது. வெறும் கவன ஈர்ப்பாக இருந்தால் இத்தனை வருடம் கழித்து ஓர் அரசு நிறுவனம் ஏன் பதற வேண்டும்?

நடாலியாவின் படங்களையும் பாருங்கள். பார்த்துவிட்டு, கூச்சம் எந்த இடத்தில் வந்தது என்று எழுதுங்கள்.